ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே சாம்பியன் டீமுக்குள் நுழைந்த 157 கிலோ அதிசயம்... தெரியுமா?

பள்ளியில் ஆடியதில்லை. கல்லூரியில் ஆடியதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் எந்த மட்டத்திலும் ஒரே ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை! அப்படிப்பட்ட ஒருவரை, உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டு லீகான என்.எஃப்.எல்.லின் நடப்புச் சாம்பியன் டீம் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்! அவர் பெயர் ஜோர்டன் மைலாட்டா. டீம், பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். வருடம், 2018.

ஆள் எப்படி இருப்பார் தெரியுமா? உயரம் 6 அடி 8 அங்குலம். எடை 157 கிலோ! 'இவ்வளவு பெரிய உடம்பு மெதுவாகத்தானே நகரும்' என்று நினைக்கிறீர்களா? 40 கஜ ஓட்டத்தை 5 விநாடிகளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி முடித்தார்! 

அமெரிக்கரா? அதுவும் இல்லை! ஆஸ்திரேலியாவின் சிட்னியில், சமோவா தீவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஆடியது ரக்பி லீக். பதின்ம வயதில் பயிற்சியின்போது மயங்கி விழுந்தார். இதயத்துடிப்பில் கோளாறு! அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடி மைதானத்துக்கு வந்தார். ஆனால் ரக்பி கிளப்புகளுக்கு அவர் உடம்பு ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. அவருக்கு வந்த ஒப்பந்தம் வெறும் 5,000 டாலர் அளவுக்குத்தான் என்று பத்திரிகைகள் எழுதின. இந்தத் தொகையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்!

என்.எஃப்.எல்.லில் புதுமுகங்களை எப்படி எடுப்பார்கள் தெரியுமா? ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' என்று பெயர். 32 டீம்களும் வரிசையாக ஒவ்வோர் ஆளாகக் கூப்பிடும். மொத்தம் 7 சுற்று. 2018-இல் கூப்பிட்டது 256 பேரை. மைலாட்டாவின் பெயர் வந்தது ஏழாவது சுற்றில், 233-ஆவதாக! அவருக்கு முன்னால் 232 பேர்! வெளிநாட்டு வீரர்களுக்காக ஃப்ளோரிடாவில் நடந்த பயிற்சித் திட்டத்திலிருந்து டிராஃப்டில் இடம்பிடித்த முதல் ஆள் அவர்தான்.

சரி, பெயர் வந்துவிட்டால் டீமில் இடம் கிடைத்துவிட்டதா? அங்கேதான் வயிற்றைக் கலக்கும் கணக்கு இருக்கிறது! கோடைக்காலப் பயிற்சி முகாமில் ஒரு டீமுக்கு 90 பேர். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான். மீதி 37 பேர் பெட்டியைக் கட்டவேண்டும். 32 டீமுக்கும் பெருக்கிப் பாருங்கள்... 1,184 பேர்! கடைசிச் சுற்றில் வந்தவர்களின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டே இருக்கும்.

அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? லெஃப்ட் டேக்கிள். அதாவது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் இடது பக்கக் காவல்காரர். வலது கையால் எறிபவருக்கு இடது பக்கம் பின்னாலிருந்து பாய்ந்து வருகிறவன் கண்ணில் படமாட்டான். அவனைத் தடுத்து நிறுத்தவேண்டும். பந்தைத் தொடுகிற வேலையே இல்லை!

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. ரக்பி லீக்கில், கையில் பந்து இல்லாத எதிராளியை மறித்தால் அது தவறு. நடுவர் தண்டனை கொடுப்பார். இங்கேயோ அதுவேதான் முழுநேர உத்தியோகம்! ரக்பியில் பந்தை அணைத்துக்கொண்டு முன்னால் இடித்துக்கொண்டு ஓடினவர், இங்கே பின்னால் நகரப் படிக்கவேண்டியிருந்தது. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, கைகள் நெஞ்சுக்கு முன்னால் தயாராக, வலது கால் உந்த, இடது கால் பின்னோக்கிச் சறுக்க... ஒவ்வோர் அடியும் அளந்து வைத்ததுபோல் விழவேண்டும். 'கிக் ஸ்லைடு' என்பார்கள். ஒரு கால் நேரம் தப்பி விழுந்தால் எதிராளி தாண்டிப் போய்விடுவான்! சிறுவயதிலிருந்து இதையே பழகியவர்களோடு, 20 வயதுக்கு மேல் அரிச்சுவடி தொடங்கியவர் மோதினார்!

2018 ஆகஸ்ட் 9, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் பயிற்சி ஆட்டம். அவர் வாழ்க்கையில் ஆடிய முதல் அமெரிக்கக் கால்பந்து மேட்ச் அதுதான்! தாக்குப்பிடித்தார். 53 பேர் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

அப்புறம் எத்தனை மேட்ச் ஆடினார் என்று நினைக்கிறீர்கள்? 2018 சீசனில் பூஜ்யம். 2019 சீசனிலும் பூஜ்யம்! இரண்டு வருடமும் முதுகுவலி அவரைக் காயப்பட்டோர் பட்டியலில் தள்ளியது. இத்தனைக்கும் நடுவே 2019-இல் அதே இடத்துக்கு ஆன்ட்ரே டில்லார்ட் என்பவரை முதல் சுற்றிலேயே, 22-ஆவதாகக் கூப்பிட்டது ஈகிள்ஸ். கதை முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் டீம் அவரை வெளியே அனுப்பவில்லை! என்னைக் கேட்டால், அவர் உயரத்தையும் எடையையும்விடப் பெரிய அதிசயம் இந்தப் பொறுமைதான். ஒரு நிமிடம்கூடக் களத்தில் உதவாத ஆளை இரண்டு வருடம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதென்றால் சும்மாவா!

2020 அக்டோபர் 4. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல்முறையாகத் தொடக்க வீரராக இறங்கினார். ஈகிள்ஸ் 25-20 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் 22-ஆவது ஆளை ஓரங்கட்டி லெஃப்ட் டேக்கிள் இடத்தைப் பிடித்தார் 233-ஆவது ஆள்! 2021 செப்டம்பரில் நான்கு வருட ஒப்பந்தம். தொகை? 6 கோடியே 40 லட்சம் டாலர்! அந்த 5,000 டாலரை நினைத்துப் பாருங்கள்!

இன்னொன்று தெரியுமா? டி.வி.யில் வீரர்கள் தங்கள் பெயரையும் படித்த கல்லூரியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அங்கே வழக்கம். மைலாட்டாவுக்குத்தான் கல்லூரி ஆட்டமே கிடையாதே! என்ன சொன்னார் தெரியுமா? 'ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்!' அப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லை. ஜெஃப் ஸ்டவுட்லண்ட், அவருக்கு அரிச்சுவடி கற்றுக்கொடுத்த ஈகிள்ஸ் பயிற்சியாளர்! குருவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

டிராஃப்டில் பின்தள்ளப்பட்டு ஜெயித்தவர் மைலாட்டா மட்டுமா? இதே டீமில் தடுப்பு வரிசையின் நடுவே சென்டராக நின்ற ஜேசன் கெல்சி எத்தனையாவது ஆள்? 2011-இல் ஆறாவது சுற்றில் 191-ஆவது! ஆறு முறை லீகின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார். மைலாட்டாவுக்கு முன்பு லெஃப்ட் டேக்கிளாக இருந்த ஜேசன் பீட்டர்ஸ்? 2004 டிராஃப்டில் எந்த டீமும் கூப்பிடாதவர்! ஸ்டீலர்ஸின் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா? அவரையும் யாரும் கூப்பிடவில்லை. ஆப்கானிஸ்தான் போர்முனையில் ராணுவ அதிகாரியாக இருந்துவிட்டு வந்து லெஃப்ட் டேக்கிள் ஆனார்! அம்மாடியோ!

மைலாட்டா பாடுவார் தெரியுமா? 2022-இல் அமெரிக்க டி.வி.யின் முகமூடிப் பாட்டுப் போட்டியில் பாடி அசத்தினார்! அதே வருடம் டீம் தோழர்களான கெல்சியோடும் லேன் ஜான்சனோடும் சேர்ந்து கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளியிட்டார். அதில் வந்த பணம் தர்ம காரியத்துக்குப் போனது.

2024 சீசனில் ஈகிள்ஸின் சாக்வான் பார்க்லி பந்தோடு 2,005 கஜம் ஓடினார்; அவருக்கு வழி திறந்துவிட்டவர்களில் ஒருவர் மைலாட்டா. 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று சாய்த்தது ஈகிள்ஸ். 233-ஆவது ஆள் சாம்பியன்!

அடுத்த முறை ஈகிள்ஸ் ஆட்டம் கண்ணில் பட்டால், பந்தின் பின்னாலேயே கண்ணை ஓடவிடாதீர்கள். குவார்ட்டர்பேக்கின் இடது பக்கம், 68-ஆம் எண் சட்டை. அவர் கால்களை மட்டும் பாருங்கள்!