தரிப்பிடச் சீட்டும் ஒப்புரவும்

வாகனத்தை நிறுத்துவதற்கும் ஒரு சீட்டு வேண்டுமோ என்று வினவுவார் உளர். வண்டியை எங்கேனும் ஒரு மரநிழலில் விட்டு இறங்கி நடக்கவல்லார்க்கு இவ்வினா இயல்பே. நடக்கவியலாதார்க்கோ, வண்டி நிற்கும் இடத்துக்கும் வாயிற்படிக்கும் இடைப்பட்ட நூறு மீற்றர் தூரமே அன்றைய பயணத்தின் அரிய பகுதியாகும். அத்தூரத்தைக் குறைத்தற்பொருட்டு நாடுகள் பல வகுத்துக்கொண்ட ஏற்பாடே உடற்குறையுடையோர்க்கான தரிப்பிட அனுமதிச் சீட்டு. அதன் வரலாற்றையும் இயல்பையும், வன்னிநிலத்து மக்களாகிய எமக்கு அது உணர்த்தும் கடமையையும் சுருங்க உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வேற்பாடு நாடளாவிய முறையாக வேரூன்றிய நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. நாட்பட்ட நோயாளரையும் உடற்குறையுடையோரையும் பற்றிய சட்டமொன்று 1970ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதனைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்தவர் அல்பிரட் மொறிஸ் என்பார். இவர்தம் தந்தையார் முதலாம் உலகப் போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, நச்சுவாயுவாலும் தாக்குண்டவர். போர் ஓய்ந்த பின்னரும் அதன் வடு ஒரு வீட்டினுள் எத்துணைக் காலம் வாழும் என்பதை இளமையிலேயே கண்டறிந்த ஒருவர் முன்னின்று கொணர்ந்த சட்டம் அது. அதன் வழியே 1971இல் செம்மஞ்சள் நிறச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அதன் இடத்தை நீலச் சீட்டுப் பெற்றது.

சீட்டிலும் தரையிலும் தீட்டப்பெறும் சக்கர நாற்காலிச் சின்னத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968இல் சுசான் கூஃபூட் என்னும் தென்மார்க்கு நாட்டு மாணவியொருத்தி அதனை வரைந்தாள். அவள் வரைந்தது நாற்காலியின் வடிவம் மாத்திரமே. அடுத்த ஆண்டில் கார்ல் மொந்தான் என்பவர் அதன்மேல் ஒரு வட்டத்தை இட்டுத் தலையாக்கினார். நாற்காலியைக் குறித்து நின்ற கோடுகள் அவ்வொரு வட்டத்தால் மனிதரைக் குறிப்பனவாயின. எழுத்தறியாரும் மொழியறியாரும் கண்டவுடன் பொருள் கொள்ளத்தக்க சின்னமாக அது இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

இனிச் சீட்டின் இயல்பை நோக்குவோம். மாணவர் முதலிற் கருத்திற் கொள்ளவேண்டியது யாதெனின், இச்சீட்டு வாகனத்துக்கு உரியதன்று. ஆளுக்கு உரியது என்பதாம். சீட்டுடையவர் தம் மகனின் காரிற் சென்றாலும், அயலவரின் வாகனத்திற் சென்றாலும் சீட்டு அவருடன் செல்லும். அவர் வீட்டிலிருக்க, அவர்தம் சீட்டை மாட்டிக்கொண்டு மகன் கடைக்குச் செல்வானாயின் அது குற்றம். இங்கிலாந்தில் இத்தகைய முறைகேட்டுக்கு ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கலாம். எம்மவர் பெருந்தொகையினராக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் சீட்டு ஆளுக்கே உரியது, கட்டணமின்றி வழங்கப்படுவது.

இரண்டாவது, இவ்விடங்கள் வாயிலுக்கு அண்மையில் இருப்பதோடு அகன்றும் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் வழக்கப்படி, 2.4 மீற்றர் அகலமுள்ள தரிப்பிடத்தின் பக்கத்தே மேலும் 1.2 மீற்றர் வெறுமையாக விடப்படும். வண்டியின் கதவை முற்றத் திறந்து, சக்கர நாற்காலியை அருகே நிறுத்தி, ஆசனத்திலிருந்து அதற்கு மாறுவதற்கு அவ்வகலம் இன்றியமையாதது. வெறுமையாய்க் கிடக்கின்றதே என்றெண்ணி ஒருவர் அங்கே தம் மோட்டார் சைக்கிளைச் செருகுவாராயின், சீட்டு இருந்தும் பயனில்லை. வந்தவர் இறங்க வழியின்றித் திரும்ப நேரிடும்.

மூன்றாவது, உடற்குறை யாவும் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. இருதய நோயாலும் சுவாச நோயாலும் நடை தளர்ந்தோர்க்கும் ஒன்ராறியோவில் சீட்டு உண்டு. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டு முதல், புறத்தே தோன்றாத குறைபாடுடையோரும் இதனைப் பெறும் தகுதியுடையராயினர். காலூன்றி நடப்பவரைக் கண்டு, இவர்க்கு ஏன் இவ்விடம் என்று முகஞ்சுளிப்பது அறியாமையாகும். எறிகணைச் சிதறலை இன்றளவும் உடலினுள் தாங்கி நடமாடுவோரை அயலவராகக் கொண்ட எமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வன்னிநிலத்திற்கு வருவோம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கால் இழந்தோரையும் முதுகெலும்பு பாதிப்புற்றோரையும் விட்டுச் சென்றது. இவர்களுட் சிலர் துணைச் சக்கரம் பூட்டிய மோட்டார் சைக்கிளிலும், சிலர் கையாற் சுழற்றும் மூன்று சக்கர வண்டியிலும், பலர் பிறருடைய ஓட்டோவிலும் வெளியே செல்கின்றனர். ஆதலின் எமது நிலத்தில் தரிப்பிடம் என்பது காருடையோர் விவகாரம் அன்று. துணைச் சக்கரம் பூட்டிய வண்டி, ஏனைய மோட்டார் சைக்கிள்கள் நெருங்கி நிற்கும் வரிசையினுள் அடங்காது. கிரவல் பரப்பிய முற்றத்தில் நாற்காலியின் சிறு சக்கரம் புதையும். மாரிகாலச் சேற்றில் ஊன்றுகோல் வழுக்கும். எனவே அண்மையும் அகலமும் மாத்திரம் போதா. இறுகிய தரையும் வேண்டும்.

எமது நாட்டுச் சட்டம் இப்பொருளில் மௌனமாயில்லை. பொதுமக்கள் செல்லும் எவ்விடத்துக்கும் உடற்குறை காரணமாக ஒருவர் செல்வதைத் தடுத்தல் கூடாதென்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2006 ஒக்டோபர் 17ஆம் நாள் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி அமையவேண்டியதை வரையறுத்தன. விதிகள் ஏட்டளவில் நிற்பதைக் கண்டு வழக்காடியவர் அஜித் பெரேரா. இரசாயனவியலாளராகவும் கிரிக்கெற் நடுவராகவும் விளங்கிய இவர், 1992இல் தாம் சென்ற காரின்மேல் வீதியோர மரமொன்று வீழ்ந்தமையாற் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2011 ஏப்பிரல் 27ஆம் நாள் உயர் நீதிமன்றம் இவர்தம் வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவே எழவேண்டும் எனக் கட்டளையிட்டது. 2020இல் அவர் மறைந்தார், கட்டளை நிலைத்திருக்கின்றது.

ஆயின், நீதிமன்றக் கட்டளையை எதிர்நோக்கியே ஒவ்வொரு முற்றமும் திருந்தவேண்டுமோ? வீதியோரத்தில் இடம் ஒதுக்குதற்கு அரசின் அதிகாரமும் சீட்டும் தேவை. தன் வளவினுள் இடம் ஒதுக்குதற்கு எந்நிறுவனமும் எவருடைய சீட்டையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. கோயில் தருமகருத்தாக்களும் கடையுடையோரும் மண்டப உரிமையாளரும் தாமே செய்யத்தக்கது இது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு வந்து திரளும் பெருங்கூட்டத்தை நினைந்து பாருங்கள். வாகனங்கள் வெகுதூரம் நிரையாக நிற்கும் அத்தகைய நாளில், முன்னே ஒதுக்கிய ஒரு சிறு நிலமே பலர்க்குத் தரிசனத்தை இயலுவதாக்கும்.

எமது கல்லூரியும் இதற்கு விலக்கன்று. பரிசளிப்பு விழாவிலும் பழைய மாணவர் ஒன்றுகூடலிலும் வாயிலருகே நிற்பன பெரும்பாலும் பிரமுகர்களின் வாகனங்களே. விருந்தினரை மதித்தல் எமது மரபு. அதனை விடவேண்டும் என்பார் இலர். அவ்வரிசையின் தலைப்பில் மூன்று இடங்களை அகலமாக அளந்து, தரையை இறுக்கி, நீல வர்ணச் சின்னம் தீட்டி, மண்டபப் படியருகே பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் சாய்தளம் அமைத்தல் பெருஞ்செலவாகாது. யூபிலி ஆண்டின் திருப்பணிகளுள் இதனையும் ஒன்றாகப் பழைய மாணவர் சங்கத்தார் கொள்வாராக. சாரண மாணவர் விழாநாட்களில் அவ்விடங்களைக் காத்துநிற்பராயின், அதுவும் கல்வியே.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓரதிகாரமாகவும் ஈகையை வேறோர் அதிகாரமாகவும் வகுத்தார். இல்லார்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊருடன் கூடி வாழ்பவன் தன் கடமையென அறிந்து செய்வது ஒப்புரவு. தரிப்பிடம் ஒதுக்குதல் பின்னதன் பாற்படும். அதனைப் பெறுவோர் எவர்க்கும் நன்றி கூறக் கடமைப்பட்டவரல்லர். மற்றையோர் செய்யவேண்டியதும் மிகச் சிறிதே: இடமின்றி அலையும் நாளிலும் அவ்விடத்தை வெறுமையாக விட்டு அப்பாற் செல்லுதல். அவ்வெறுமை காக்கப்படுமாயின், தம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் அடுத்த ஒன்றுகூடலுக்குத் தாமே வந்து இறங்குதல் கூடும்.