நிழற்படம் நிலைத்திருக்க

1996ஆம் ஆண்டு, நான் இளம் ஆசிரியனாய்ப் பணியாற்றிய தோட்டப் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணாக்கரைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தேன். வீட்டுக் குளியலறையே இருட்டறை. மறுநாள் பிரியாவிடை விழா என்ற அவசரத்தில், அச்சிட்ட படத்தைப் பத்தே நிமிடம் கழுவினேன். சில ஆண்டுகளில் வெண்மை மஞ்சளாயிற்று. பிள்ளைகளின் முகங்கள் மங்கின. நெகட்டிவும் பூஞ்சணத்துக்கு இரையானது. பிழை முழுவதும் என்னுடையதே. அதன் காரணத்தை விளக்குவது என் கடமை.

படத்தாளில் வெள்ளி உப்புகள் பூசப்பட்டுள்ளன. ஒளிபட்ட உப்பு டெவலப்பரில் கருநிற வெள்ளியாக மாறும். ஒளிபடாத உப்பு அப்படியே தங்கிவிடும். அதை அகற்றாவிடில் வெளிச்சத்தில் படம் கெடும். ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார். இவ்வாறு கரைத்து நீக்குவதே நிலைப்படுத்துதல்.

ஆயினும் ஹைப்போவில் கந்தகம் உண்டு. அது தாளில் தங்கினால் வெள்ளியை மெல்ல அரிக்கும். படங்கள் மங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என 1855இல் லண்டன் நிழற்படச் சங்கக் குழு கூறிற்று. பல படங்களைக் கண்டு சலித்த ஹைப்போவும் தீங்கே. அதில் எளிதிற் கரையாத வெள்ளிச் சேர்மங்கள் தோன்றித் தாளிலேயே தங்கிப் பழுப்புக் கறையாகும்.

ஆகவே இரண்டு தட்டுகளில் ஹைப்போ வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் இடுக. பின் அலசி, ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சோடியம் சல்பைட்டு கரைத்து அதில் பத்து நிமிடம் ஊறவிடுக. இறுதியாக ஓடும் நீரில் கழுவுக. பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்குச் சில நிமிடம் போதும். நார்த்தாளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

இனி, நிறமேற்றுதல். பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த நீரில் படத்தை வெளுக்கச் செய்து, மஞ்சள் போக அலசி, சோடியம் சல்பைடில் இட்டால் இனிய பழுப்பு நிறம் தோன்றும். (சல்பைட்டு வேறு, சல்பைடு வேறு, மயங்கற்க.) வெள்ளி முழுதும் வெள்ளிச் சல்பைடாகிவிடுவதால், காற்றிலுள்ள கந்தகம் அதை மேலும் கெடுக்க இயலாது. எஞ்சி நின்று கெடுக்கும் அதே கந்தகம், முறையாகச் சேரும்போது காவலாகிறது! ஆனால் நிலைப்படுத்துதல் குறைந்திருந்தால், வெண்பகுதியில் எஞ்சிய உப்பும் பழுப்பாகிவிடும்.

எச்சரிக்கை: சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு எழும். பெர்ரிசயனைடையும் வன்மையான அமிலத்தோடு சேர்த்தல் ஆகாது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்திலேயே இதைச் செய்க.

அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அப்பிள்ளைகளை மீண்டும் அவ்வயதில் வரிசையாய் நிறுத்த எவரால் இயலும்? முகங்கள் மங்கியபின் வருந்துவதைவிட, ஒரு மணி நேரம் குழாயடியில் பொறுமையோடு நிற்பதே அறிவுடைமை.