தழும்பு போகாது, மங்கும்: மார்பகக் குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் கழுத்துவலி, முதுகுவலி பத்திப் பேசினப்போ, மார்பகக் குறைப்பு ஆபரேஷன்னு ஒரு விஷயம் இருக்குன்னு ஒரு நிமிஷம் சொல்லிட்டுப் போனேன். அதுக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட்தான் இன்னைக்கு எபிசோட். அனுப்பினவங்களுக்குச் சொந்த ஊர் செஞ்சி, வேலை சென்னையில. ஆபரேஷன் முடிஞ்சு பத்து வாரம். "தோள்வலி போயிடுச்சு, நிம்மதியா தூங்குறேன். ஆனா தழும்பு போன மாசத்தைவிட இப்போ கருஞ்சிவப்பா, தடிப்பா இருக்கு. அம்மா பார்த்துட்டு அழறாங்க. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? அப்புறம், ஊர்த் திருவிழாவுக்குப் போறப்போ ராஜகிரி ஏறலாமா?"

பெரும்பாலும் தப்பு எதுவும் இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல தழும்பு எங்கே வரும்னு தெரிஞ்சுக்கணும். நிறைய இடங்கள்ல செய்யறது நங்கூர வடிவ வெட்டு. காம்பைச் சுற்றியிருக்கிற கருவட்டத்தின் ஓரமா ஒரு வட்டம், அங்கிருந்து நேரா கீழே ஒரு கோடு, மார்புக்கு அடியில் மடிப்பு விழுற இடத்துல குறுக்கே ஒரு கோடு. 1956-ல் ராபர்ட் வைஸ் என்கிற அமெரிக்க மருத்துவர் வரைஞ்ச அளவுமுறை இதுக்கு அடிப்படை. பின்னாடி பெல்ஜியத்தின் மேடலைன் லெஜூர், கனடாவின் எலிசபெத் ஹால்-ஃபின்ட்லே மாதிரியானவங்க அடிக்கோடு இல்லாம, வட்டமும் நேர்கோடும் மட்டும் வர்ற முறையைப் பரப்பினாங்க. பார்க்க லாலிபாப் மாதிரி இருக்கும். "எனக்கு ஏன் அது செய்யலை?"ன்னு டாக்டர்மேல கோபப்படாதீங்க. ரொம்ப அதிகமா குறைக்கணும்னா, தோல் ரொம்பத் தொங்கியிருந்தா, நங்கூரம்தான் பெரும்பாலும் சரியா வரும். தழும்பு சின்னதா இருக்கணும்னு வடிவத்தைக் கெடுத்துக்கிறதுல அர்த்தமில்லை.

இந்த நேர்கோடும் அடிக்கோடும் சேர்ற முனை இருக்கே, அதுதான் வம்பான இடம். இழுவிசை முழுக்க அங்கே விழும், ரத்த ஓட்டமும் குறைவு. சின்னதா பிளந்து, ஆற லேட்டாகிறதும் அங்கேதான் அதிகம்.

இப்போ அந்தச் சிவப்பு. காயம் மூடினதும் உடம்பு அவசர அவசரமா கொலாஜன் இழைகளைக் கொட்டும். ஓட்டைச் சுவர்ல அவசரத்துக்குச் சிமென்ட் அப்புற மாதிரி. அப்புறம்தான் மெதுவா அதைப் பிரிச்சு, ஒழுங்கா அடுக்கும். அதனால இரண்டாவது மாசத்துல இருந்து நாலாவது மாசம் வரைக்கும் தழும்பு மோசமாகிற மாதிரிதான் தெரியும். முழுசா மங்கி, தட்டையாக ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். இன்னொண்ணு, வெளிநாட்டு வீடியோக்கள்ல 'பிங்க்'னு சொல்றது நம்ம தோல்ல பழுப்பா, கருஞ்சிவப்பா இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு கணக்கு சொல்றேன். மூணாவது வாரத்துல அந்த இடத்துக்குப் பழைய தோலோட பலத்துல சுமார் 30 சதவீதம்தான் இருக்கும். மூணு மாசத்துல 80 கிட்ட வரும். அதுக்கு மேல பெருசா ஏறாது. வெளியே தையல் ஆறிடுச்சுன்னு மூணாவது வாரமே தண்ணிக் குடம் தூக்கினா, மேல் பெர்த்துக்கு பேக் ஏத்தினா, தழும்பு அகலமாகிறது இதனாலதான். நாலுல இருந்து ஆறு வாரம் கனம் தூக்காதீங்க. கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வச்ச, நல்லாத் தாங்குற காட்டன் பிரா போடுங்க. ஸ்கூட்டர்ல குண்டும் குழியுமான ரோட்டுல போறதையும் தள்ளிப் போடலாம்.

சரி, என்ன தடவுறது? சிலிக்கான். தழும்புக்கு முதல்ல பரிந்துரைக்கிறது இதைத்தான். ஆனா ஆதாரம் ரொம்ப வலுவானதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஓரளவுதான். காயம் முழுசா மூடினப்புறம், டாக்டர் சரின்னு சொன்னா, ஷீட்டா ஒட்டலாம், ஜெல்லாவும் தடவலாம். ஷீட்னா ஒரு நாளைக்குக் குறைஞ்சது 12 மணி நேரம், ரெண்டு மூணு மாசம் தொடர்ந்து. ஒரு வாரம் ஒட்டிட்டு "வேலை செய்யலை"ன்னு தூக்கிப் போட்டா காசுதான் வேஸ்ட். சென்னை வெயில்லயும் செஞ்சி வெயில்லயும் மடிப்புக்கு அடியில ஷீட் ஒட்டினா வேர்க்குரு கிளம்பும். அதனால பகல்ல ஜெல், ராத்திரி ஷீட்னு வச்சுக்கலாம். ஷீட்டைத் தினமும் கழுவிக் காயவைக்கணும். காசு இடிக்குதா? மெடிக்கல்ல கிடைக்கிற மைக்ரோபோர் டேப்பைக் கோட்டுக்கு மேலேயே ஒட்டி வைக்கிறதும் இழுவிசையைக் குறைக்கும். இது ரொம்ப மலிவு.

மசாஜ் செய்யலாமா? காயம் மூடினப்புறம், டாக்டரைக் கேட்டுட்டு, விரல் நுனியால அழுத்தி மெதுவா. தேங்காய் எண்ணெய் தாராளமா போதும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைச்சுத் தடவறவங்க கவனிங்க: 1999-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வுல அதனால பலன் தெரியலை, மூணுல ஒருத்தருக்கு அரிப்பும் ஒவ்வாமையும்தான் வந்தது. அம்மா மஞ்சள் அரைச்சு வச்சிருந்தா சாம்பார்ல போடச் சொல்லுங்க. திறந்த காயத்துல வேண்டாம்.

ஆபரேஷன் இனிமேதான்னு இருக்கிறவங்களுக்கு, மேலே சொன்ன க்ரீம் எல்லாத்தையும்விட முக்கியமானது சிகரெட். நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். தோல் ஓரம் கருகலாம், காம்பையே இழக்கிற அபாயமும் கூடும். முன்னாடி நாலு வாரம், பின்னாடி நாலு வாரம் கண்டிப்பா நிறுத்தணும். வேப், நிகோட்டின் கம் ரெண்டும் இதுல சேர்த்தி. சர்க்கரை இருந்தா கட்டுக்குள்ள கொண்டு வாங்க, ரத்தசோகை இருந்தா சரிபண்ணுங்க. பழைய தடுப்பூசித் தழும்போ காது குத்தின இடமோ புடைச்சு வளர்ந்திருந்தா முதல் சந்திப்பிலேயே சொல்லிடுங்க.

ஏன்னா அது கெலாய்டா இருக்கலாம். சாதாரணத் தடிப்பு, கோட்டுக்குள்ளயே நிக்கும். கெலாய்டு கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குப் பரவும், அரிக்கும், வலிக்கும். கருமையான தோலுக்கு வாய்ப்பு அதிகம், நடுமார்பு அதுக்குப் பிடிச்ச இடம். அடிக்கோட்டின் உள்முனை நடு எலும்புப் பக்கம் போகாம சர்ஜன் பார்த்துக்கிறது இதுக்காகவும்தான். ஆரம்பத்துல போனா ஸ்டீராய்டு ஊசியிலயே நிறைய அமுங்கும். வெட்டி எடுத்துட்டா போயிடும்னு நினைக்காதீங்க, வெறுமனே வெட்டினா பெருசா திரும்பி வரும்.

காய்ச்சல், சீழ், பரவிக்கிட்டே போற சிவப்பும் சூடும், திறந்துக்கிற தையல், கறுத்துப் போற காம்பு – இதுல எது வந்தாலும் கூகுள் பண்ணாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இது பணக்காரங்க சமாச்சாரம்னு ஒரு பேச்சு உண்டு. 2018 பிப்ரவரியில சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில மார்பக அழகுச் சிகிச்சை இலவசம்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சப்போ, பெரிய சண்டையே நடந்தது. உயிர் காக்கிற சிகிச்சைக்குப் போக வேண்டிய காசுன்னு ஒரு பக்கம் சொன்னாங்க. முதுகும் தோளும் வலிக்கிறவங்களுக்கு இது வைத்தியம்தான்னு மறுபக்கம். என் கட்சி ரெண்டாவது. செஞ்சி பக்கத்துல இருக்கிறவங்க திண்டிவனம் வழியா புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம், அங்கேயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு.

இனி ராஜகிரி. கோட்டை போன வருஷம், 2025-ல, யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுல இருந்து எல்லாருக்கும் ஏறணும்னு ஆசை. பத்து வாரத்துல ஊர்ல நடக்கலாம், கீழே கல்யாண மகாலைச் சுத்திப் பார்க்கலாம். மேலே ஏறுறதுக்கு மூணு மாசம் தாண்டட்டும், சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. காலையில சீக்கிரம் கிளம்புங்க. புதுத் தழும்புல வெயில் பட்டா கறுப்பு நிலைச்சுடும், அதனால மூடின சட்டை, வெளியே தெரியற இடத்துல எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். பையில ஒரு மாற்று பிரா வச்சுக்குங்க. இறங்கி வந்ததும் வேர்வையில ஊறினதை மாத்திட்டு, மடிப்பை ஒத்தித் துடைச்சு உலர விடுங்க. தண்ணி பாட்டிலைத் தம்பி தூக்கட்டும்.

அம்மாகிட்ட இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.