தாளம் போட்டா கால் நகரும்!

நல்லாத்தான் நடந்து வந்துட்டு இருப்பார். வாசற்படிகிட்ட வந்ததும் சடக்குனு நின்னுடுவார். தரையில பசை தடவி ஒட்டின மாதிரி கால் நகராது. 'வாங்க தாத்தா'னு கையைப் பிடிச்சு இழுத்தீங்களா... போச்சு! உடம்பு முன்னால வரும், கால் வராது. ஆள் விழுந்துடுவார்.

பார்க்கின்சன் நோய் பண்ற வேலை இது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, யோசிக்காமலே நடக்கிற அந்த 'ஆட்டோமேட்டிக்' நடை கெட்டுப்போகுது. ஆனா காலுக்கு வேற ரூட் இருக்கு பாஸ்! தரையில் கோடு போட்டா தாண்டுவாங்க, தாளம் கேட்டா அடி எடுத்து வைப்பாங்க. நாலு அடி நடக்கவே திணறின 58 வயசு டச்சுக்காரர் ஒருத்தர், சைக்கிளை ஜம்முனு ஓட்டினதை 2010-ல் ஒரு மருத்துவ இதழ் வீடியோவோடயே வெளியிட்டுச்சு. (உடனே தாத்தாவை சைக்கிள்ல ஏத்திடாதீங்க!)

நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக்குழு 2001-லிருந்து இவங்களுக்குன்னே டான்ஸ் கிளாஸ் நடத்துது. முதல்ல நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை விரிப்பாங்க, காலைத் தட்டுவாங்க. அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறது. கடைசியில் லைவ் இசைக்கு ஹாலோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடனம். அங்கே 'பேஷன்ட்' யாரும் கிடையாது, எல்லாருமே டான்ஸர்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

'சும்மா மனசுக்கு இதமா இருக்கும், அவ்வளவுதானே'னு கேட்கிறவங்களுக்கு அமெரிக்காவின் ஓரிகனில் பதில் இருக்கு. 195 பேரை மூணு குழுவாப் பிரிச்சு, வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி. ஒரு குழுவுக்கு 'தாய் சி'. எடையை மெதுவா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாத்துற சீனக் கலை. சும்மா கை, காலை நீட்டி மடக்கினவங்களைவிட இவங்க கம்மியாத்தான் கீழே விழுந்தாங்க. பேலன்ஸும் கூடுச்சு. 2012-ல் வந்த ரிசல்ட் இது. நோய் போயிடாது, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. ஆனா விழாம இருக்கிறதே பெரிய விஷயமாச்சே! இடுப்பெலும்பு முறிஞ்சா அப்புறம் படுக்கைதான்.

உங்க வீட்டில் யாராவது அப்படி உறைஞ்சு நின்னா, இழுக்காதீங்க, அவசரப்படுத்தாதீங்க. பக்கத்துல நில்லுங்க. உடம்பை லேசா இடமும் வலமுமா ஆட்டச் சொல்லுங்க. உங்க காலை அவர் காலுக்கு முன்னால குறுக்கே வெச்சு, 'இதைத் தாண்டுங்க'னு சொல்லுங்க. தாண்டினதும் காலை எடுத்துக்கிட்டு எண்ண ஆரம்பிங்க... ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு!