முதுமையும் மருந்தும் – 7: ஒரே மருந்து, இரண்டு அட்டை

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதல் வாரம் பெரியவர்களின் மாத்திரை டப்பாவுக்குக் கண்டமான வாரம். புதிய சீட்டில் ஏழு மருந்து இருக்கும். டப்பாவில் பழையது ஆறு கிடக்கும். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தாலும் அது ஃபைலோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய மாத்திரையைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது.

அப்பா மாத்திரை போட மறந்துவிடுவாரோ என்றுதான் பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். மறக்காமல் இரண்டு முறை போட்டுவிடுவாரோ என்றும் கவலைப்பட வேண்டும். டெல்மா 40 ஓர் அட்டை, டெல்மிகைண்ட் 40 இன்னோர் அட்டை. கம்பெனி வேறு, அட்டை வேறு. உள்ளே இருப்பது ஒரே டெல்மிசார்டன். இதய மருத்துவர் ஒன்றை எழுத, பழைய டாக்டர் எழுதியதும் தொடர, இரண்டையும் போடுகிறவருக்கு ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இரவில் பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் இப்படித்தான் நேர்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்குப் பெரிய வரம் அது. ஆனால் அதே பாட்டியைத் தனியார் டாக்டரிடம் அழைத்துப்போகும் மகன், வீட்டுக்கு வரும் மாத்திரையைப் பற்றி அங்கே வாய்திறக்காவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மாத்திரைப் பெயரை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டப்பாவில் உள்ளது, தலையணைக்கடியில் உள்ளது, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, சூரணம், லேகியம் என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜையில் கொட்டிவிடுவதுதான் சரி. வலி மாத்திரையை விட்டுவிடவே கூடாது. சில பிரஷர் மாத்திரைகளோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் டைக்ளோஃபினாக் சேர்ந்தால் முதியவர்களின் சிறுநீரகம் திணறிப்போகும்.

வயதானவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளை 1991-இல் முதன்முதலாகப் பட்டியல் போட்டவர் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வரும் அந்தப் பட்டியலில் சுகருக்கான கிளிபென்கிளமைடு உண்டு. மலிவான பழைய மருந்து. ஆனால் வயதானவர்களின் உடலில் நெடுநேரம் தங்கி, சாப்பாடு தவறிய நாளில் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். வியர்வை, படபடப்பு எதுவும் இல்லாமல் வெறும் உளறலாகவும் அது தெரியலாம். ‘வயசாச்சு, ஏதோ பேசுறாங்க’ என்று விட்டுவிடாமல் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். அட்டையில் இந்தப் பெயர் இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்சுலினில் வேறொரு சிக்கல். நம்மூர் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிஜ் மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி தீர்ந்துவிட்டதென்று 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். பேனா வேலை செய்யவில்லையென்று கார்ட்ரிஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட்! உயிருக்கே உலை வைக்கும் கணக்கு இது. ஊசி போடுவது பேரனாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு நர்ஸாக இருந்தாலும் சரி, குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றுதானா என்று வாய்விட்டுப் படித்த பிறகே இழுக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறைந்துவிடும். பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. கூடவே தரும் ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் அதே சின்ன மஞ்சள் மாத்திரை. கண் மங்கியவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? மெத்தோட்ரெக்ஸேட் அட்டையைத் தனி டப்பாவில் வைத்து, ‘செவ்வாய் மட்டும்’ என்பதுபோல் டாக்டர் சொன்ன கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. அட்டைத் துண்டோடு சேர்த்து விழுங்கி, அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்த முதியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. ஜப்பானில் 1996-லிருந்தே ஒற்றை மாத்திரையாகப் பிய்க்க முடியாதபடி, ஒரு பக்கம் மட்டும் மடிப்புக்கோடு போட்டு அட்டை தயாரிக்கிறார்கள். இங்கே மெடிக்கல் ஷாப்பில் நான்கு மாத்திரை கேட்டால் வெட்டித்தான் கொடுப்பார்கள். காலாவதித் தேதி மீதித் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். வாங்கும்போதே அந்தத் தேதியையும் மருந்தின் பெயரையும் கவர்மேல் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். புது மாத்திரைக்குப் பிறகு தடிப்பு, தள்ளாட்டம், வீக்கம் என்று ஏதாவது தெரிந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திலும் பதிவு செய்யலாம்.

(அடுத்த வாரம்: தூக்க மாத்திரை)