சீத்தாப்பழச் சோடா

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் "ஒரு பன்னீர் சோடா" என்று கேட்டால், ரோஜா மணம் கமழும் புட்டி ஒன்று கைக்கு வரும். டில்லியில் அதே சொற்களைச் சொல்லிப் பாருங்கள். பாலாடைக் கட்டியைச் சோடாவில் போட்டுக் குடிக்கும் இந்த மனிதர் எந்தத் தேசத்தவரோ என்று கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சீத்தாப்பழத்தின் கதை இதைவிட வேடிக்கை. காய்கறி வண்டிக்காரரிடம் "சீதாஃபல்" என்று கேட்டால் தராசில் ஏறுவது பரங்கிக்காய்! நாம் தேடும் பழத்துக்கு இவ்வூரில் "ஷரீஃபா" என்று பெயர். இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு சொல்லை மறவாதீர்கள். பரங்கிக்காய்ச் சோடாவுக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆஸாத்பூர் மொத்தச் சந்தையிலும், கமலா நகர்த் தெருவோர வண்டிகளிலும் ஷரீஃபா குவிந்து கிடக்கும். வாயில் வைத்தால் பாலேடுபோல் கரையும் பழம் இது. இதைக் கொண்டு விடுதி அறையிலேயே குழைவான சோடா ஒன்று செய்துகொள்ளலாம். செய்முறை எளிது, ஆனால் அதற்குள் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. அந்தச் சண்டையை அறிந்தவருக்குப் பானம் கைகூடும். அறியாதவருக்குத் திரிந்த பாலும், மேசையெல்லாம் வழிந்த நுரையுமே மிச்சம்.

கடைகளில் விற்கும் கிரீம் சோடாவில் கிரீம் என்பது பெயரில் மட்டுமே உண்டு. இலங்கையர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் எலிஃபண்ட் ஹவுஸ் கிரீம் சோடாவும் இனிப்பும் வனிலா மணமும் சேர்ந்த தெளிந்த நீர்தான். ஏன் தெரியுமா? குழைவும் குமிழியும் ஒரு புட்டிக்குள் ஒத்து வாழ்வதில்லை. சோடாவின் உயிர் அதில் கரைந்துள்ள கரியமிலவாயு. குழைவைத் தரும் கொழுப்பும் புரதமும் பழத்துணுக்கும் அந்த வாயுவைப் பிடித்து வெளியே இழுக்கின்றன. நார்த்துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு குமிழி பிறக்க இடம் கொடுக்கிறது. பிறந்த குமிழியைப் புரதம் உடையவிடாமல் காக்கிறது. ஆகவே நுரை மேலே மேலே எழுகிறது. கீழே நிற்கும் பானமோ செத்துப்போகிறது.

இந்தச் சண்டையில் நமக்குத் துணை நிற்பது குளிர்ச்சி ஒன்றே. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், பூஜ்யம் டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் இது முக்கால் லிட்டராகக் குறைந்துவிடும். 40 டிகிரியில் அரை லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அறை வெப்பத்திலுள்ள சோடாவைத் திறந்து அதில் பனிக்கட்டி போடுவது நம்மவர் வழக்கம். வாயு ஓடிப்போன பின்பு வீட்டுக் கதவைச் சாத்துவது போன்றது அது. அதிலும், சொரசொரப்பான பனிக்கட்டி தன் பங்குக்கு மேலும் குமிழிகளைக் கிளப்பிவிடும். எனவே சோடா, பழக்கூழ், தம்ளர் மூன்றையும் முன்கூட்டியே குளிரவைக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டியதே இல்லை.

தண்ணீருக்குள் இந்த வாயுவைப் புகுத்தும் வித்தையை உலகுக்குச் சொன்னவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவர் வீட்டுக்கு அருகே மதுவடிக்கும் ஆலை ஒன்று இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவை 1767இல் அவர் ஆராயத் தொடங்கினார். தொட்டிக்கு மேலே வைத்த தண்ணீர் இனிய துள்ளல் பெறுவதைக் கண்டார். 1772இல் அதைப் பற்றி நூலே எழுதினார். சரியாக நூறாண்டு கழித்து, 1872இல், ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி அடைத்த புட்டிக்கு உரிமம் பெற்றார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேல்நோக்கித் தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கிவிடும்; தக்கை வேண்டாம், மூடி வேண்டாம்! நம் கோலி சோடாவும் டில்லியின் "பண்ட்டா"வும் அந்தப் புட்டியின் பிள்ளைகளே. பண்ட்டா என்றாலும் கோலிக்குண்டுதான். விருதுநகரில் 1916இல் பிறந்த காளிமார்க் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் தழைத்ததும் இந்தச் சோடா மரபில்தான். ஊர் நினைவு வந்தால் பலரும் ஏங்கும் பொவண்டோ அவர்கள் 1958இல் கொண்டுவந்தது.

இனிக் குழைவின் பக்கம் வருவோம். பசும்பாலா, தேங்காய்ப்பாலா என்பதே இங்குப் பெரிய கேள்வி. பஞ்சாபியர் பாலில் சோடா கலந்து "தூத் சோடா" என்று விரும்பிக் குடிக்கிறார்கள். அது திரிவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம், அமிலக் குறியீடு 4.6ஐ நெருங்கும்போதுதான் திரளும். கரியமிலவாயு தரும் அமிலம் வலுவற்றது. குளிர்ந்த பாலை அவ்வளவு தூரம் இழுத்துச்செல்ல அதற்கு ஆற்றல் போதாது. எலுமிச்சையின் அமிலமோ அப்படிப்பட்டதன்று. ஆகவே பால் சேர்ப்பவர் எலுமிச்சையைத் தொடவே கூடாது.

ஆனால் சீத்தாப்பழம் எலுமிச்சையைக் கேட்கிறது! வெட்டி வைத்த சில நிமிடங்களிலேயே இதன் வெண்ணிறச் சதை காற்றுப்பட்டுப் பழுப்பேறத் தொடங்கும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கும். பழம் எலுமிச்சையை வேண்ட, பால் வேண்டாம் என்று மறுக்க, நாம் நடுவே நிற்கிறோம். இந்த வழக்கைத் தேங்காய்ப்பால் தீர்த்துவைக்கிறது. அதிலும் புரதம் உண்டு; எனினும் அளவில் குறைவு. ஐந்தாறு சொட்டு எலுமிச்சைக்கு அது கலங்குவதில்லை. சுவையிலும் இந்தப் பழத்துக்குத் தேங்காயே ஏற்ற துணை என்பது என் கட்சி. பஞ்சாபி நண்பர்கள் மாறுபடலாம். அவர்கள் தம்ளரை அவர்கள் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளட்டும்.

பழத்தை வாங்கும்போது கண்களைப் பாருங்கள். தோலின் திட்டுகள் அகன்று, இடையே வெளிர்மஞ்சள் கோடு தெரிந்தால் முதிர்ந்த பழம். காயாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அறையிலேயே வையுங்கள். பழுக்குமுன் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்து, பழம் பழுக்காமலே கெடும். பழுத்ததை இரண்டாகப் பிளந்து, கரண்டியால் சதையை வழித்தெடுங்கள். தோலை ஒட்டிய பகுதி மணல்போல் நறநறக்கும். அதைத் தோலோடே விட்டுவிடுங்கள். பிறகு, கண் அகன்ற வடிதட்டில் சதையை இட்டு, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் கூழ் கீழே இறங்கும், கொட்டை மேலே தங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஆகாதா என்று சோம்பல் சொல்லும். கேளாதீர்கள். சீத்தாக் கொட்டை நஞ்சு. அதைப் பொடித்துத் தலைப்பேனுக்குத் தடவும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அந்தப் பொடி கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். முழுக்கொட்டை தவறி வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியேறிவிடும். அரைபட்ட கொட்டையின் கதை வேறு. இந்த ஓர் இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

மற்றொரு விலக்கு நெருப்பு. கூழைச் சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கி வைத்தால் பல நாள் வருமே என்று தோன்றும். சீத்தாச் சதை சூடுபட்டால் கசக்கத் தொடங்கும், மணமும் போய்விடும். 1984இல் மும்பை ஜூஹுவில் தொடங்கிய நேச்சுரல்ஸ் ஐஸ்கிரீம் கடைக்குச் சீத்தாப்பழ வகை பெரும்புகழ் தேடித் தந்தது. அது குளிரில் பிறக்கும் பண்டமானதால் பழத்தின் இயல்புக்குப் பொருந்திப் போயிற்று.

மூவருக்கு அளவு சொல்கிறேன். கொட்டை நீக்கிய கூழ் ஒரு கிண்ணம், அதாவது 200 மில்லிலிட்டர். கெட்டியான முதல் தேங்காய்ப்பால் அரைக் கிண்ணம். பொடித்த சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. பழம் தேனாக இனித்தால் அதுவும் வேண்டாம். உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சை ஐந்தாறு சொட்டு. சோடா 300 மில்லிலிட்டர். சோடா எலுமிச்சையோ மசாலாவோ சேராத வெறும் சோடாவாக இருக்க வேண்டும். ஏலக்காய் போடுவோரும் உண்டு. பழத்தின் மணத்தை ஏன் மூட வேண்டும் என்பேன் நான்.

தேங்காய்ப்பாலைத் தனியே குளிரவைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது டில்லிக் குளிரில் தலைக்கு எண்ணெய் தேடியவர் அனைவரும் அறிந்ததே. தனியே குளிர்ந்த பாலில் கொழுப்பு திரிதிரியாக நிற்கும். கூழோடு நன்றாக அடித்துக் கலந்த பின்பு குளிரவைத்தால் அது எளிதில் திரளாது. கலவையைச் சோடாவுடன் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.

கலக்கும் முறையில்தான் கைத்திறன். முதலில் கலவை, பிறகு சோடா. தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, பக்கச் சுவரோடு சோடாவை மெல்ல ஒழுகவிடுங்கள். பாதி ஊற்றியதும் நிறுத்தி, நுரை அடங்கும் வரை பொறுத்திருந்து, மீதியை ஊற்றுங்கள். நீண்ட கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள். சர்பத் ஆற்றுவதுபோல் தூக்கி ஆற்றினால் சோடா மறைந்து பாயசம் மிஞ்சும்.

ஈஸ்ட் இட்டுப் புட்டியிலேயே வாயு உண்டாக்கலாமே என்று வேதியியல் மாணவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். முடியும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய பாதி எடையைக் கரியமிலவாயுவாகவும், மறுபாதியைச் சாராயமாகவும் மாற்றும். பழக்கூழில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. ஈஸ்ட் எங்கே நிறுத்தும் என்பது அதற்கே தெரியாது. மூடிய கண்ணாடிப் புட்டி வெடித்தால் சிதறுவது கண்ணாடி. விடுதிக் காப்பாளருக்குச் சாராயத்தைப் பற்றி விளக்கம் சொல்லும் பணி வேறு காத்திருக்கும்.

ஷரீஃபா இல்லாத மாதங்களில் கனிந்த மாம்பழம் கைகொடுக்கும். நாம் பங்கனப்பள்ளி என்பதை இங்கே "சஃபேதா" என்பார்கள்; நாரற்ற அந்தப் பழமே இதற்கு ஏற்றது. மாம்பழத்திலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சையை விட்டுவிடலாம். வாழைப்பழத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் பிசுபிசுப்பில் நுரை அடங்கவே அடங்காது.

செய்த சோடாவைப் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். சோடா சேராத கலவை மிஞ்சினால் சிறு கிண்ணத்தில் ஊற்றி உறைபெட்டியில் வையுங்கள். மறுநாள் அது குல்ஃபியாகிவிடும். அறைத்தோழர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து வைப்பது உங்கள் சாமர்த்தியம்.