திருமறையூர் இறையியல் கல்லூரி

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்தை ஒட்டிய பனங்காட்டுப் பகுதியில் இயங்கியது திருமறையூர் இறையியல் கல்லூரி. திருநெல்வேலி ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருமார்கள் இங்கே பயின்றார்கள். 1930 முதல் இதற்குத் தலைமை வகித்தவர் ஸ்டீபன் நீல். கேம்பிரிட்ஜில் படித்த இவர், தமிழை ஊன்றிக் கற்றவர். 1939இல் திருநெல்வேலிப் பேராயரானார். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன் சபையும் பிற சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானதும் ஆங்கிலிக்கன் கல்லூரி என்ற தனி அடையாளம் போயிற்று. 1969இல் சென்னை குருகுல் லுத்தரன் கல்லூரியின் தமிழ்ப் பிரிவோடு இணைந்து, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியாக மாறியது. திருநெல்வேலியைப் போலன்றி, கொங்குப் பகுதியின் கோவைக்கு 1830இல் வந்தது ஆங்கிலிக்கன் அல்லாத லண்டன் மிஷன்தான். ஆனாலும் கொங்குப் பகுதிப் போதகர்கள் பலருக்கும் இன்று பயிற்சிக்களம் அரசரடியே.